கழியொலியும் கர்ப்பிணித் தாயும்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம்
அலைகளும் அவற்றின் பிரயோகங்களும்



உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒரு கர்ப்பிணித் தாய் இருந்தால், "பிள்ளை நல்லாத்தானே இருக்கு, கடைசி நேரத்தில இன்னுமொரு ஸ்கேன் எதுக்கு?" என்று யாரேனும் கேட்பதைச் செவிமடுத்திருப்பீர்கள். இவ்வினாவுக்கான விடையை உங்கள் அலைகள் பாடத்திலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

1. கழியொலி என்றால் என்ன?

மனிதச் செவிக்குக் கேட்கும் ஒலியின் மீடிறன் வீச்சு 20 ஹேட்ஸ் தொடக்கம் 20 000 ஹேட்ஸ் வரையாகும். 20 000 ஹேட்ஸிலும் கூடிய மீடிறனுடைய ஒலி கழியொலி எனப்படும். கர்ப்பிணிகளுக்கான ஸ்கேனில் சில மெகாஹேட்ஸ் மீடிறன் பயன்படுகின்றது. (1 மெகாஹேட்ஸ் = 1 000 000 ஹேட்ஸ்)

2. கடலின் ஆழமும் கருப்பையும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல் கடலின் ஆழத்தை எவ்வாறு அறிகின்றது? கப்பலிலிருந்து கீழே அனுப்பப்படும் ஒலி, கடலடியில் பட்டுத் தெறித்து எதிரொலியாகத் திரும்புகின்றது. எடுத்த நேரத்தைக் கொண்டு ஆழம் கணிக்கப்படும்.

ஆழம் = (ஒலியின் கதி × நேரம்) ÷ 2

ஒலி போய்த் திரும்புவதால் 2 ஆல் வகுக்கிறோம். மாணவர்கள் பலர் புள்ளியை இழப்பது இவ்விடத்திலேயே.

இதே தத்துவமே ஸ்கேனிலும் உள்ளது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேற்று வைத்தியராக இருந்த இயன் டொனால்ட், 1955 இல் கொதிகலன் தொழிற்சாலையொன்றில் உலோகத்தின் உட்பழுதுகளைக் கண்டறியும் கழியொலிக் கருவியை நோய்க்கட்டிகளில் பரீட்சித்துப் பார்த்தார். பொறியியலாளர் டொம் பிரவுன், வைத்தியர் ஜோன் மக்விக்கார் ஆகியோருடன் சேர்ந்து 1958 இல் தமது ஆய்வை வெளியிட்டார்.

3. ஸ்கேன் தொழிற்படும் விதம்

• ஸ்கேன் கருவியின் கைப்பகுதியிலுள்ள விசேட பளிங்குகள் மின்னால் அதிர்ந்து கழியொலியை உண்டாக்கும். திரும்பும் எதிரொலியை மீண்டும் மின்னாக மாற்றும்.
• தோலுக்கும் கருவிக்கும் இடையில் வளி இருந்தால் ஒலி ஏறத்தாழ முழுவதும் தெறித்துவிடும். அதனாலேயே வயிற்றில் களி பூசப்படுகின்றது.
• என்பு நன்கு தெறிப்பதால் வெண்மையாகவும், அம்னியன் பாய்பொருள் தெறிக்காததால் கருமையாகவும் திரையில் தோன்றும்.
• எக்ஸ் கதிர் போன்ற அயனாக்கும் கதிர்ப்பு இங்கு இல்லை.

4. கர்ப்பத்தின் பிற்பகுதியில் எவற்றைப் பார்ப்பர்?

(அ) சூல்வித்தகத்தின் அமைவு: அது கருப்பைக் கழுத்தை மூடியிருந்தால் கடும் குருதிப்பெருக்கு ஏற்படலாம், சத்திரசிகிச்சை மூலமே பிரசவம் நடைபெற வேண்டும். 20 வாரமளவில் தாழ்ந்திருப்பதாகக் காணப்படும் சூல்வித்தகம் பெரும்பாலானோரில் பின்னர் மேலே விலகிவிடும். அது விலகியதா என்பதை உறுதிசெய்யவே மீண்டும் ஸ்கேன் செய்யப்படுகின்றது.
(ஆ) குழந்தையின் நிலை: தலை கீழ்நோக்கியா, பிட்டம் கீழ்நோக்கியா? நிறைமாதத்தில் நூற்றுக்கு 3 – 4 குழந்தைகள் பிட்டம் கீழ்நோக்கியபடி இருக்கும்.
(இ) வளர்ச்சி: தலை, வயிறு ஆகியவற்றின் சுற்றளவுகளையும் தொடை என்பின் நீளத்தையும் கொண்டு நிறை மதிப்பிடப்படும்.
(ஈ) அம்னியன் பாய்பொருளின் அளவு.

5. முன்கூட்டி அறிவதன் பயன்

நீரால் பிரிக்கப்பட்ட ஊர்களில் வாழ்பவர்களுக்குப் பயணத்தின் அருமை தெரியும். குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டப்பட்டுவந்த காலத்தில், 2021 நவம்பர் 23 அன்று படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. குருதிப்பெருக்கு ஏற்பட்ட பின்னர் நள்ளிரவில் வாகனம் தேடுவது ஆபத்தானது. சூல்வித்தகம் கீழே உள்ளது என முன்னரே தெரிந்தால், எந்த வைத்தியசாலையில், எப்போது அனுமதி பெறுவது என்பதைப் பகலிலேயே ஆறுதலாகத் தீர்மானிக்கலாம். பிந்திய ஸ்கேனின் மிகப் பெரிய பயன் இதுவே.

கவனிக்க:
• ஸ்கேனில் கிடைக்கும் நிறை ஒரு மதிப்பீடே. உண்மை நிறையிலிருந்து அது வேறுபடலாம்.
• பிரசவத் திகதியை ஆரம்பகால ஸ்கேனே திருத்தமாகக் காட்டும். கடைசி மாத ஸ்கேனைக் கொண்டு திகதியை மாற்றுவதில்லை.
• ஸ்கேன் நன்றாக இருந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தால், குருதி கசிந்தால் அல்லது நீர்க்குடம் உடைந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

6. மாதிரி வினா

கழியொலித் துடிப்பொன்று குழந்தையின் தலையில் பட்டுத் திரும்ப 0.0001 செக்கன் எடுத்தது. இழையத்தில் ஒலியின் கதி செக்கனுக்கு 1540 மீற்றர் எனின், கருவியிலிருந்து தலைக்கு உள்ள தூரம் யாது?

விடை: (1540 × 0.0001) ÷ 2 = 0.077 மீற்றர் = 7.7 சென்ரிமீற்றர்

பயிற்சி: வயிற்றில் களி பூசாமல் ஸ்கேன் செய்தால் தெளிவான விம்பம் கிடைக்காதது ஏன்? இரு வசனங்களில் எழுதுக. எழுதிய பின், இப்பாடத்தில் நீங்கள் கற்றதை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.