விரல் நுனியில் ஏ, இ, ஐ, ஓ, யூ

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்கள் ஊரான ராயகிரிக்குள் அது அவனுக்குப் பெரிய குறையாக இருந்ததில்லை. டீக்கடை அண்ணாச்சி, பால் ஊற்ற வருகிறவர், வயல் வேலைக்கு வருகிற அக்காமார் எல்லாரும் அவனோடு கைஜாடையிலேயே பேசிப் பழகிவிட்டார்கள். பக்கத்துப் புளியங்குடியில் எலுமிச்சை விலைகூட விரலிலேயே முடிந்துவிடும். தெரிந்த முகங்களைத் தாண்டினால்தான் வம்பு. வங்கி, ஆஸ்பத்திரி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று எங்கே போனாலும் சைகை தெரிந்த ஆள் இருக்கமாட்டார். அவனுக்காகக் காகிதம்தான் பேசவேண்டும். அந்தக் காகிதத்தில் பாதிக்குமேல் ஆங்கிலம்.

அவனுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க நான் உட்கார்ந்தபோது எங்கள் சித்தி கேட்டாள்: "பேச்சே வராதவனுக்கு இங்கிலீஷ் எதுக்குட்டி?" பேச வராது என்பதால்தான் எழுத வரவேண்டும் என்றேன். சித்தி ஒப்புக்கொள்ளவில்லை. என் அனுபவத்தை மற்ற வீடுகளுக்குச் சொல்ல நினைத்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

முதலில் சைகை, பிறகுதான் எழுத்து. இதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை வேண்டாம், வாய்ப்பேச்சுப் பயிற்சியே போதும் என்று தீர்மானம் போட்டது. அதன் நிழல் உலகமெங்கும் பள்ளிகள்மேல் பல பத்தாண்டுகள் கிடந்தது. மொழி என்று ஒன்று உள்ளே இல்லாத பிள்ளையிடம் இன்னொரு மொழியின் எழுத்தைத் திணித்தால் பார்த்து எழுதும், படித்துப் புரிந்துகொள்ளாது. தம்பி பாளையங்கோட்டையில் படித்தவன். மிஷனரி ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் காது கேளாதோருக்குத் தொடங்கிய பள்ளி, இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிற ஊர் அது. விடுதியில் கூட்டாளிகளோடு பேசிப் பேசி அவனுக்குச் சைகை செழித்திருந்தது. அதனால்தான் என் வேலை சுலபமாயிற்று.

எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்றை அவன்தான் காட்டினான். இந்தியச் சைகை மொழியில் ஆள் பெயர், ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல இரண்டு கையாலும் ஆங்கில எழுத்துகளையே காட்டுகிறார்கள். ஒரு கையின் ஐந்து விரல் நுனிகள்தான் ஐந்து உயிரெழுத்துகள். கட்டைவிரல் நுனியைத் தொட்டால் ஏ, சுண்டுவிரல் என்றால் யூ. ஆக, 26 எழுத்தும் அவன் கையில் ஏற்கெனவே இருந்தன; வாக்கியம்தான் இல்லை. வீட்டில் ஒரு பொருளைக் காட்டி, முதலில் அதன் சைகை, உடனே விரலில் எழுத்துக்கூட்டல், அப்புறம் நோட்டில் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்களோடு அகராதி வெளியிட்டது. சைகையோடு ஆங்கிலச் சொல்லும் வருவதால் எனக்கும் அதுதான் வாத்தியார்.

இலக்கணம்தான் தடைக்கல். சைகையில் கேள்விச் சொல் கடைசியில் வரும்: வீடு எங்கே. ஆங்கிலத்தில் அதுவே தலையில் போய் உட்காரும். நேற்று என்று காட்டிவிட்டால் போதும், போவதற்கான சைகை மாறவேண்டியதில்லை. ஆங்கிலத்தில் 'கோ' என்பது 'வென்ட்' ஆகவேண்டும். 'இஸ்', 'த' போன்ற பொடிச் சொற்களுக்குக் கையில் வேலையே இல்லை. நோட்டில் மேல் வரியில் அவன் சைகை காட்டுகிற வரிசையிலேயே சொற்களை எழுதி, கீழ் வரியில் ஆங்கில வாக்கியத்தை எழுதுவோம். எது இடம் மாறியது, எது புதிதாக நுழைந்தது என்று கோடு போட்டு இணைப்பது அவன் வேலை. "தப்பு" என்று சிவப்பு மையில் அடிப்பதைவிட இது நூறு மடங்கு மேல். அவன் கூட்டாளிகளோடு வாட்ஸ்அப்பில் சைகை வரிசையிலேயே எழுதுகிற ஆங்கிலத்தில் நான் கை வைப்பதில்லை. அது அவர்கள் வீட்டுப் பேச்சு.

பாடப்புத்தகத்தைவிடப் பயன்பட்டவை மாத்திரை அட்டை, வங்கியிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ்., ரயில் டிக்கெட். 'டெபிட்டட்', 'கிரெடிட்டட்', 'எக்ஸ்பைரி' மூன்றும் தெரிந்த பிறகு காசு விஷயத்தில் அவன் யாரையும் கேட்பதில்லை. ஓடிடியில் தமிழ்ப் படத்துக்குப் பெரும்பாலும் ஆங்கில சப்டைட்டில்தான் வருகிறது. தமிழன் தமிழ்ப் படம் பார்க்க ஆங்கிலம் படிக்கவேண்டியிருப்பது வேடிக்கைதான். ஆனாலும் வடிவேலு காமெடியை நிறுத்தி நிறுத்திப் படித்ததில் அவன் கற்றது அதிகம்.

சொல்லிக்கொடுப்பவருக்குச் சைகை தெரியவேண்டும். 1816இல் பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய காது கேளாத ஆசிரியர் லோரான் கிளேர், பயணம் முழுக்க உடன்வந்த தாமஸ் கல்லாடெட்டுக்குச் சைகை சொல்லிக்கொடுத்தார். அவரிடமிருந்து ஆங்கிலம் கற்றுக்கொண்டார். மறு ஆண்டு இருவரும் சேர்ந்து ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தார்கள். எங்கள் திண்ணையிலும் அதே கொடுக்கல்வாங்கல்தான்.

தமிழ் போதாதா என்று கேட்பீர்கள். ரேஷன் கடைக்கும் பஞ்சாயத்து ஆபீசுக்கும் தமிழ்தான் வேண்டும், அதை அவன் விடவில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் தருகிற 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் உரியது. அந்த ஒதுக்கீட்டில் வங்கி எழுத்தர் வேலைக்குப் போக நினைத்தால் தேர்வில் ஆங்கிலம் தனிப் பகுதியாக நிற்கிறது. பத்தாம் வகுப்பிலோ காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு கிடைக்கிறது. நான் பார்த்த வீடுகளில் கைவிடப்படுவது ஆங்கிலம்தான்.

விலக்கு அவர்கள் உரிமை, தாராளமாக வாங்குங்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு ஆங்கிலப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.