அடுப்புச் சாம்பலில் ஓர் அமில–காரப் பாடம்

திருத்தணிப் பகுதியில் எரிவாயு வந்த பிறகும் பல வீடுகளில் வெந்நீர் போட விறகு அடுப்புதான். அவரைக்கொடியில் அசுவினி கண்டால் அந்தச் சாம்பலைத் தூவுவதும், செடியின் தூரில் கொட்டுவதும் வழக்கம். எட்டாம் வகுப்பில் 'அமிலங்கள், காரங்கள்' பாடத்தை நான் இந்தச் சாம்பலிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகளுக்கு அது 'பூடித'. இரு சொற்களையும் கரும்பலகையில் எழுதினால் எல்லோரும் பேசத் தொடங்குகிறார்கள்.

செயல்பாடு: மஞ்சள்தூளை நீரில் குழைத்து வெள்ளைத்தாளில் தடவி உலர்த்துங்கள். நன்கு ஆறிய சாம்பலைச் சலித்து, இரண்டு கரண்டியை ஒரு தம்ளர் நீரில் கலக்குங்கள். தெளிந்த நீரில் ஒரு சொட்டு விட்டால் தாள் செம்பழுப்பாகும், இது காரம். சாம்பலில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைக்கும். அதிலுள்ள கார்பனேட்டுகளிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதே காரணம். சாம்பலைக் கையால் தொடாமல், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"சாம்பல் உரம்தானே, நிறையப் போட்டால் என்ன?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. தழைச்சத்து எரியும்போதே போய்விடுகிறது. அமில மண்ணுக்குச் சாம்பல் நல்லது. கார மண்ணில் போட்டால் காரத்தன்மை மேலும் கூடி, செடிக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் போகும். நரம்பு பச்சையாக இருக்க, இளம் இலை மஞ்சளாகும்.

ஆகவே, முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பெற்றோர் வாங்கியிருந்த அட்டைகளைப் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். அவற்றில் பி.எச். அளவைத் தேடிப் படித்தோம். பள்ளித் தோட்டத்து மண்ணையும் சோதனைக்கு அனுப்பினோம், 8.1 என வந்தது. மண்ணில் சாம்பல் இடுவதில்லை என்று பிள்ளைகளே முடிவெடுத்தார்கள். அசுவினி கண்ட இலையில் மட்டும், பனி ஈரம் உள்ள காலையில், மெல்லியதாகத் தூவுகிறோம்.

உங்கள் மண் அமிலமாக இருந்தால் சதுர மீட்டருக்கு 50 முதல் 75 கிராம், ஆண்டுக்கு ஒருமுறை போதும். யூரியாவுடன் கலக்க வேண்டாம். அம்மோனியாவாகி தழைச்சத்து வீணாகும். நெகிழிப்பை கொளுத்திப் பற்றவைத்த அடுப்பின் சாம்பலும், வண்ணம் பூசிய மரத்தின் சாம்பலும் காய்கறித் தோட்டத்துக்கு ஆகாது. இதைப் பிள்ளைகள் வீட்டிலும் சொல்லட்டும்.