ஏ.சி. கம்ப்ரஸர் இறுகிப் போனால்...

நாக்பூரில் மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடுவது நமக்குப் புதிதல்ல. பள்ளி விடுமுறை விட்டதும் நம் குடும்பங்களில் பலர் காரை எடுத்துக்கொண்டு ஹிங்கன்காட், அடிலாபாத், ஹைதராபாத் வழியாக ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலம், மதுரை, திருநெல்வேலி என்று வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடுகிறது. கார் புதிதாக இருந்தால் கவலை இல்லை. பன்னிரண்டு, பதினைந்து வயதான காரில் போகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது. அதுதான் ஏ.சி. கம்ப்ரஸர் இறுகிப் பிடித்துக்கொள்வது. இங்குள்ள மெக்கானிக்குகள் ‘கம்ப்ரஸர் ஜாம் ஹோ கயா’ என்பது இதைத்தான்.

‘ஏ.சி. போனால் என்ன, கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகலாமே’ என்று தோன்றும். ஆனால் கம்ப்ரஸர் இறுகினால் சில கார்களில் ஏ.சி.யோடு எஞ்சினும் நின்றுவிடும். குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள வண்டி நடு வெயிலில், ஊர் இல்லாத இடத்தில் நிற்பது விளையாட்டு அல்ல. தவிர, இந்தக் கோளாறுக்குச் சரியாக யோசிக்காமல் செலவு செய்தால் ஒரே செலவை இரண்டு முறை செய்ய நேரும்.

நான் கார் மெக்கானிக் அல்ல. டிப்ளமோ முடித்து, ரயில் பெட்டிகளின் மின்சாதன, குளிர்சாதனப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆனால் குளிர்சாதனத்தின் தத்துவம் ரயில் பெட்டிக்கும் காருக்கும் ஒன்றுதான். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கம்ப்ரஸர் சுழலும் விதம்

எஞ்சினின் முன்பக்கத்தில் ஒரு பெல்ட் ஓடுகிறது. அது கம்ப்ரஸரின் புல்லியைச் சுற்றுகிறது. ஏ.சி. அணைந்திருக்கும்போது புல்லி மட்டும் தன் பேரிங்கின் மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே கம்ப்ரஸர் அசையாது. ஏ.சி. பொத்தானை அழுத்தியதும் புல்லிக்குப் பின்னால் உள்ள மின்காந்தச் சுருள், முன்னால் உள்ள கிளட்ச் தட்டைப் புல்லியோடு சேர்த்து இழுக்கிறது. அப்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதன் பிறகே கம்ப்ரஸரின் தண்டு சுழலும்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. கம்ப்ரஸரின் உள்பகுதி இறுகுவது ஒரு நோய். புல்லியின் பேரிங் போவது வேறு ஒரு நோய். இரண்டிலும் பெல்ட் கிறீச்சிடும், ரப்பர் கருகும் வாடை வரும். ஆனால் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வழியில் செய்ய வேண்டியது

கிறீச் சத்தமோ, கருகல் வாடையோ, எஞ்சின் திணறலோ வந்தால் முதலில் ஏ.சி.யை அணையுங்கள்.

சத்தம் உடனே நின்றுவிட்டதா? அப்படியானால் புல்லி நன்றாக இருக்கிறது. இறுகியது உள்பகுதியாக இருக்கலாம். ஏ.சி. இல்லாமல் பயணத்தைத் தொடரலாம். ஆனால் கம்ப்ரஸர் கிளட்ச்சுக்குப் போகும் ஒயரின் இணைப்பைக் கழற்றி, உலோகத்தில் படாதபடி கட்டி வையுங்கள். யாராவது மறந்துபோய்ப் பொத்தானை அழுத்தக்கூடும். சில கார்களில் கண்ணாடியின் பனியை நீக்கும் பொத்தானை அழுத்தினாலும் கம்ப்ரஸர் தானாகவே இயங்கத் தொடங்கும்.

ஏ.சி.யை அணைத்த பிறகும் சத்தம் தொடர்ந்தால் புல்லியின் பேரிங் போயிருக்கலாம். பெல்ட்டின் பாதையில் உள்ள வேறு பேரிங்காகவும் இருக்கலாம். அப்போது மேலே ஓட்ட வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, சூடு தணிந்தபின் பானெட்டைத் திறந்து பாருங்கள். ரேடியேட்டர் மின்விசிறி எஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுழலக்கூடும். கையைத் தூரத்தில் வையுங்கள்.

இப்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கம்ப்ரஸருக்குத் தனி பெல்ட்டா, கூட்டு பெல்ட்டா?

தனி பெல்ட் என்றால் பிழைத்தீர்கள். அதைத் தளர்த்திக் கழற்றிவிட்டால் எஞ்சின் வழக்கம்போல ஓடும். ஆனால் ஒரே பெல்ட் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்ப்பையும் சேர்த்துச் சுற்றினால், அதை அறுக்கவே கூடாது. தண்ணீர் பம்ப் நின்றால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்து, சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். இந்த வகைக் காரைக் கட்டி இழுத்துப் போவதே சிக்கனம்.

ஊருக்குக் கிளம்பும் முன்பே வீட்டு வாசலில் நிறுத்தி இதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை.

ஒர்க்ஷாப்பில் கேட்க வேண்டியது

‘கம்ப்ரஸர் போய்விட்டது’ என்று சொன்னதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, கம்ப்ரஸரின் முகப்பில் நடுவே இருக்கும் கிளட்ச் தட்டைக் கையால் திருகிக் காட்டச் சொல்லுங்கள். லேசான எதிர்ப்போடு சுற்றினால் அது இறுகவில்லை. அசையவே மறுத்தால்தான் இறுகியது. பிறகு பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் தனித்தனியே சுற்றிப் பார்த்தால் கரகரக்கும் பேரிங் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். எங்கள் காலனியில் ஒரு நண்பருக்கு முழுக் கம்ப்ரஸருக்கும் எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். தட்டைத் திருகிப் பார்த்தோம், சுற்றியது. புல்லி பேரிங்கை மட்டும் மாற்றினார். அதே கம்ப்ரஸர் இன்றும் ஓடுகிறது.

இறுகியதை ஸ்பேனர் போட்டுத் திருகி விடுவிக்கும் வைத்தியமும் உண்டு. அது நிலைக்காது. உள்ளே தேய்ந்த பரப்பு தேய்ந்ததுதான். மீண்டும் இறுகும்போது இன்னும் அதிக உலோகத் தூளை உதிர்த்துவிட்டுத்தான் நிற்கும்.

எண்ணெய் எங்கே போனது?

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான கேள்வி. கார் எஞ்சினுக்கு இருப்பதுபோல் காரின் ஏ.சி. கம்ப்ரஸருக்கு எண்ணெயை வெளியிலிருந்து பார்த்து ஊற்றும் வசதி கிடையாது. குளிர்வாயுவோடு கலந்து எண்ணெயும் குழாய்களில் சுற்றிவந்தால்தான் கம்ப்ரஸருக்கு உயவு கிடைக்கும். வாயு கசிந்தால் எண்ணெயும் கூடவே வெளியேறும். வாயு குறைந்தால் மிச்சமுள்ள எண்ணெயும் சரியாகத் திரும்பி வராது. கம்ப்ரஸர் வறண்டு, சூடேறி, இறுகிவிடும்.

பழைய ரயில் பெட்டிகளில் கம்ப்ரஸர் அடிச்சட்டத்தின் கீழே தொங்கும். அதன் தண்டு ஒரு சீல் வழியாக வெளியே வரும். அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருந்தால் வாயு கசிகிறது என்று அர்த்தம். காரிலும் அதே பாடம். குழாய் இணைப்புகளிலும் கம்ப்ரஸரின் முகப்பிலும் பிசுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கோடையிலும் ‘கேஸ் போடுவது’ ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். கேஸ் தானாகத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல; குறைந்தால் எங்கோ கசிகிறது.

கேஸ் குறைந்தால் கம்ப்ரஸரை நிறுத்தும் அழுத்த சுவிட்ச் பெரும்பாலான கார்களில் உண்டு. அதை ஒயர் போட்டு இணைத்து ‘வேலை செய்ய’ வைப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அது காவல்காரனைக் கட்டிப்போடுவது போல.

கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் போதாது

இறுகும்போது உதிர்ந்த உலோகத் தூள் எண்ணெயோடு சேர்ந்து கருஞ்சேறாகிக் குழாய்களில் தங்கிவிடும். அதன் மேல் புதுக் கம்ப்ரஸரைப் பூட்டினால் அந்தத் தூளே அதையும் தின்றுவிடும். ஆகவே முழு வேலை என்பது இதுதான்:

1. குழாய்களையும் எவாபரேட்டரையும் அதற்குரிய கரைப்பான் கொண்டு அலசி, உலர்ந்த நைட்ரஜனால் ஊதவேண்டும். சாதாரணக் காற்றில் ஈரம் இருக்கும்.

2. மெல்லிய இணைக்குழாய்கள் கொண்ட கண்டென்சர் என்றால் அலசினாலும் முழுதும் சுத்தமாகாது, மாற்றுவதே மேல்.

3. ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரும், எக்ஸ்பான்ஷன் வால்வும், ரப்பர் வளையங்களும் புதிதாக இருக்கவேண்டும்.

4. கம்ப்ரஸருக்குக் குறிக்கப்பட்ட வகை எண்ணெயை, குறிக்கப்பட்ட அளவில் ஊற்றவேண்டும்.

5. குறைந்தது அரைமணி நேரம் வேக்யூம் இழுத்து, முள் நிலைத்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே வாயுவை எடைபோட்டு நிரப்பவேண்டும். எடை பானெட்டின் கீழ் உள்ள வில்லையில் இருக்கும்.

மிகப் பழைய கார்களில் ஆர் 12 வாயு இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையை ஒட்டி, 2010க்குள் நம் நாட்டிலும் அது விலக்கப்பட்டது. பிறகு வந்த ஆர் 134ஏ வாயு ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைத் தேக்கும். ஆகவே பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் இயந்திரத்தில் சேகரிக்கச் சொல்லுங்கள். மலிவு என்று சமையல் வாயு வகைக் கலவையை நிரப்பச் சம்மதிக்காதீர்கள், கசிந்தால் தீப்பிடிக்கும்.

செலவா, விடுதலையா?

மேற்சொன்ன எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுத்து மூலம் எஸ்டிமேட் வாங்குங்கள். அதைக் காரின் இன்றைய விலையோடு ஒப்பிடுங்கள். எஞ்சினும் அடிப்பாகமும் திடமாக இருந்து, நான்கைந்து வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்றால் முழு வேலையையும் செய்துவிடலாம். ஊருக்குள் காய்கறி வாங்க மட்டும் ஓடும் கார் என்றால் ஏ.சி.யை விட்டுவிடலாம். தனி பெல்ட் என்றால் கழற்றி வைத்தால் போதும். கூட்டு பெல்ட் என்றால் கம்ப்ரஸர் இருந்த இடத்தில் சும்மா சுற்றும் ஒரு புல்லியைப் பொருத்தலாம். அதே எஞ்சின் ஏ.சி. இல்லாத மாடலிலும் வந்திருந்தால் அதன் குட்டை பெல்ட்டைப் பூட்டலாம். ஆனால் பெல்ட்டின் பாதை மாறும்போது தண்ணீர் பம்ப் அதே திசையில் சுற்றுகிறதா, புல்லியைப் போதுமான அளவு தழுவுகிறதா என்று உறுதி செய்துகொள்ளவேண்டும். கம்ப்ரஸருக்கு மட்டும் பணம் கொடுக்கும் அரைகுறை வழி ஒன்றுதான் எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

கடைசியாக ஒரு பழக்கம். நாக்பூரில் குளிர்காலம் முழுதும் நாம் ஏ.சி. பொத்தானைத் தொடுவதில்லை. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுங்கள். எண்ணெய் சுற்றிவரும், தண்டு சீல் காயாது. மார்ச் மாதத்தில், ஊருக்கு டிக்கெட் எடுப்போமா காரில் போவோமா என்று வீட்டில் பேச்சு எழும்போதே பெல்ட்டையும் பிசுக்கையும் பார்த்துவிடுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.