வெளுத்த பம்பரும் 50% கணக்கும்

மணப்பாடு மாதிரி கடலோர ஊர்ல வண்டி வெயில்லயே நிக்குதா? பெயின்ட் அடிக்காத கருப்பு பம்பர், வீல் ஆர்ச் எல்லாம் சாம்பல் பூத்திருக்கும். உப்புக்காத்து மேல பழி போடாதீங்க. அது இரும்பைத்தான் தின்னும். பிளாஸ்டிக்கை வெளுக்க வைப்பது புற ஊதாக் கதிர்.

இன்சூரன்ஸ்ல மாத்திக்கலாமே? முடியாது. வெயிலில் வெளுப்பது தேய்மானம், அதுக்கு கிளெய்ம் கிடையாது. விபத்தில் உடைந்தால்கூட, ஜீரோ டெப் இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50% கழித்துவிடுவார்கள். போதாததுக்கு, பொதுவா நோ கிளெய்ம் போனஸும் போயிடும்.

அதனால முதல்ல கார் ஷாம்பு போட்டுக் கழுவி, நல்லா காயவிட்டு, டிரிம் ரெஸ்டோரரை மெல்லிசா தேயுங்க. சிலிகான் பாலிஷ் சில மழையிலயே போயிடும். செராமிக் வகை விலை கூட, ஆனா மாசக்கணக்கில் நிற்கும். தேங்காய் எண்ணெய்? தேரி மணலை ஒட்டவைக்கத்தான் உதவும். வண்டியை விற்கப்போறீங்கன்னா, போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடியே இதை முடிச்சிடுங்க.