பள்ளிப் பிள்ளைகளின் பசியும் அன்னையின் அடுக்களையும்

முன்னுரை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் பழமொழி. யாயிரின் பன்னிரண்டு வயது மகளை உயிர்பெற்று எழச் செய்த நம் ஆண்டவர், உடனே அச்சிறுமிக்கு உண்ணக் கொடுக்கும்படி சொன்னார் என்று மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். பிள்ளையின் பசி அவருக்குச் சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

நம் நாட்டுப் பெரியோரும் இதை உணர்ந்திருந்தனர். சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் அது மாநிலம் எங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அரசு பல இலட்சம் பிள்ளைகளுக்குச் செய்யும் இப்பணியை, வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு நம் அன்னையர் நாள்தோறும் செய்கின்றனர். அதன் முறைகளை இங்கே காண்போம்.

முந்தின நாளின் வேலை

காலை உணவு காலையில் தொடங்குவதில்லை. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் முந்தின நாளே ஊற வேண்டும். மாலையில் அரைத்து உப்பிட்டுக் கரைத்தால் இரவெல்லாம் புளிக்கும். மார்கழிக் குளிரில் மாவு எளிதில் பொங்காது என்று அம்மா பாத்திரத்தை அடுப்பருகே வைப்பதைப் பார்த்திருப்போம். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் உளுந்தில் நிறைய உண்டு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. மாலைச் சுண்டலுக்கான கொண்டைக்கடலையையும் இரவிலேயே ஊறவைக்க வேண்டும். மறந்தால் மறுநாள் மாலை கடைப் பண்டம்தான்.

காலை உணவு

இரவு எட்டு மணிக்கு உண்ட பிள்ளை, காலையில் உண்ணாமல் பள்ளிக்கு வந்து ஒரு மணிக்கு மதிய உணவுப் பெட்டியைத் திறந்தால், பதினேழு மணி நேரம் பட்டினி கிடந்திருக்கிறாள். மூளையோ உடலின் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கும் உறுப்பு. இரண்டாம் பாட வேளையில் கணக்கு ஏறவில்லை என்றால், குறை எப்போதும் அறிவில் இல்லை. பல நாள் வயிற்றில் இருக்கிறது. பேருந்து வந்துவிடும் என்றோ, உடம்பு பெருத்துவிடும் என்றோ காலை உணவை ஒதுக்குவது தவறு. நேரம் இல்லாத நாளில் ஒரு குவளை கேழ்வரகுக் கஞ்சியும் ஒரு வாழைப்பழமும் போதும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது; வளரும் எலும்புக்கு அது நல்லது.

மதிய உணவு

காலை எட்டு மணிக்கு அடைத்த உணவு ஒரு மணி வரை கெடாமல் இருக்க வேண்டும். சோற்றைச் சற்று ஆறவிட்டு மூட வேண்டும். ஆவியோடு மூடினால் நீர் கோத்துச் சீக்கிரம் கெடும். தயிர் சாதத்தில் பாலை மிகுதியாக ஊற்றித் தயிரைச் சிறிதளவே சேர்த்தால் உண்ணும் நேரத்தில் புளிக்காமல் இருக்கும். இட்லிக்குத் தேங்காய்ச் சட்டினியைவிட நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி ஏற்றது. எலுமிச்சை சாதத்துடன் முருங்கைக்கீரைப் பொரியல் வைப்பது நல்ல சேர்க்கை. எலுமிச்சையின் வைட்டமின் சி, கீரையின் இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவுகிறது.

மாலைப் பசி

நாலரை மணிக்குப் பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் எறிந்துவிட்டு "அம்மா, என்ன இருக்கு?" என்று கேட்கும் நேரம் இது. அப்போது கைக்கு எட்டுவதைத்தான் பிள்ளை உண்ணும். ஆகவே சுண்டல், வேகவைத்த நிலக்கடலை, பொரிவிளங்காய் உருண்டை, கேழ்வரகு அடை இவற்றில் ஒன்று ஆயத்தமாக இருப்பது நன்று. உணவோடு தேநீர் வேண்டாம். அது இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். நம் வகுப்பறைகளுக்கும் இது தொலைவான செய்தியன்று.

அன்னையின் தட்டு

அந்த ஆய்வு இன்னொன்றும் கூறியது. இளம்பெண்கள் மட்டுமல்ல, 49 வயது வரையுள்ள பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அந்நிலையில் இருந்தனர். அவர்களுள் அன்னையர் எத்தனை பேர்! எல்லோரையும் அனுப்பிய பின், பிய்ந்த தோசையையும் பிள்ளை மிச்சம் வைத்ததையும் நின்றுகொண்டே விழுங்கும் அம்மாவை நாம் அறிவோம். வேலைக்குச் செல்லும் அம்மாவுக்கு அதுவும் வாய்ப்பதில்லை. "எனக்குப் பசிக்கவில்லை" என்று அவர் சொல்வதை நாம் எளிதாக நம்பிவிடுகிறோம்.

ஆகவே மாணவியரே, சில கடமைகளை மேற்கொள்வோம். கடலையை இரவில் நாமே ஊறவைப்போம். மதிய உணவுப் பெட்டியை வந்தவுடன் கழுவி வைப்போம். மறுநாள் என்ன வேண்டும் என்பதை இரவே சொல்லிவிடுவோம். காலையில் நம் தட்டுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கும் ஒரு தட்டு வைப்போம். இவை பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வேலைகள் அல்ல; அப்பாவுக்கும் அண்ணன் தம்பிக்கும் இதில் பங்குண்டு.

முடிவுரை

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலோரத்தில் கரியினால் தீ மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீடர்களைக் காலை உணவுக்கு அழைத்தார் என யோவான் நற்செய்தி சொல்கிறது. அவரே செய்த பணியை இழிவு என்று எவரும் தள்ள இயலாது. பசித்தவருக்கு உணவிடும் அன்னையரைப் போற்றுவோம். அவர்களும் பசியாறினார்களா என்று நாள்தோறும் கேட்போம்.