மனோராவில் நெப்போலியன்

கேள்வி: லீவுக்கு எங்கே கூட்டிப்போனாலும் பிள்ளைகள் செல்போனிலேயே கிடக்கிறார்கள். பயணத்தில் நாலு விஷயம் கற்றுக்கொள்ள வைப்பது எப்படி?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: பக்கத்திலேயே மனோரா இருக்கிறதே, அம்மா! நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக இரண்டாம் சரபோஜி 1814-15இல் கட்டிய எட்டடுக்குக் கோபுரம். எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்குத் தஞ்சாவூர் ராஜா ஏன் இங்கே கோபுரம் எழுப்பினார்? பதிலைச் சொல்லிவிடாதீர்கள். 1799இலேயே அவர் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் ஒப்படைத்துவிட்டார் என்ற துப்பு மட்டும் போதும். நோட்டில் குறிப்பெடுக்கச் சொன்னால் பள்ளிக்கூடமாகிவிடும், வேண்டாம்.

எதிரே பாக் விரிகுடா. அங்கே கடற்புல் மேயும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக 2022இல் தமிழக அரசு காப்பகம் அறிவித்தது. வலையில் அது சிக்கினால் என்ன செய்வார்கள்? மல்லிப்பட்டினம் மீனவர்களிடம் பிள்ளைகளே கேட்கட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல், மீன் வாங்கப் போய்விடுங்கள்.