வைப்ஸ் பாதி, தண்ணீர் பாதி

ஆடி மழையில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பாட்டியைக் குளிப்பாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு செம்பு சுடுதண்ணீர் ஊற்றுவதற்குள் அவருக்கு உடம்பு வெடவெடக்கும், லயக் காம்பரா முழுக்க ஈரமாகிவிடும். அதனால்தான் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் கிருமிநாசினி ஏற்றிக் காயவைத்த ட்ரை வைப்ஸ் பக்கட்டுகளை வாங்கி அனுப்புகிறார்கள். நல்ல சாமான்தான். ஆனால் பக்கட்டுக்குள் இருப்பது பாதி வேலை. மீதிப் பாதி நீங்கள் ஊற்றும் தண்ணீரில் இருக்கிறது. பீலித் தண்ணீரில் அப்படியே நனைத்து அட்டைக்கடியைத் துடைத்துவிட்டு, நாலாம் நாள் கால் வீங்கி வேலைக்குப் போக முடியாமல் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கட்டைக் கிழிக்கும் முன் இதை வாசித்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

1. லேபலில் மருந்தின் பெயரைத் தேடுங்கள். குளோர்ஹெக்சிடின், பென்சல்கோனியம் என்று ஏதாவது இருந்தால்தான் அது கிருமிநாசினி. வெறும் சோப் நுரை ஏற்றிய வைப்ஸும் பார்வைக்கு இப்படியேதான் இருக்கும்.

2. தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அந்தச் சூடும் போதும். ஆனால் ஓரத்தில் குமிழி வந்ததுமே கேத்தலை இறக்கினால் போதாது.

3. கொதித்த தண்ணீரை ஆறவிட்டு, லேபல் சொல்லும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். கூடினால் மருந்து நீர்த்துப்போகும், குறைந்தால் துணி முழுக்கப் பரவாது. அளக்கப் பாணி மருந்து மூடியோ பிள்ளையின் பால் போத்தலோ போதும், இரண்டிலும் மில்லிலீட்டர் கோடு உண்டு.

4. வைப்ஸை முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். சீனி வருத்தம் உள்ள பெரியவர்களுக்குக் கால் மரத்திருக்கும். சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது.

5. சோப் பூசிய காலை நன்றாக அலசிவிட்டுத் துடையுங்கள். அட்டைக்குப் பயந்து மலைக்குப் போகுமுன் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வீர்கள். மேலே சொன்ன இரண்டு மருந்தையும் சோப் முடக்கிவிடும்.

6. கழுத்தில் தொடங்கிக் கை, நெஞ்சு, முதுகு, கால் என்று போய் இடுப்புக்குக் கீழே கடைசியில் முடியுங்கள். பகுதிக்கு ஒரு வைப்ஸ் எடுங்கள். ஒன்றையே உடம்பெல்லாம் இழுத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது.

7. துடைத்த இடத்தைத் தானாகக் காயவிடுங்கள். துவாயால் ஒற்றினால் வேலை செய்ய வேண்டிய மருந்து துவாயோடு போய்விடும். குளிருமென்றால் ஒரு பகுதியை மட்டும் திறந்து, மற்றதைப் போர்த்தி வையுங்கள்.

8. துடைக்கும்போதே வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். தோல் சிவந்தோ கறுத்தோ, சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் படுக்கைப் புண் தொடங்குகிறது. அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் டிஸ்பென்சரிக்குச் சொல்லி அனுப்புங்கள்.

9. பக்கட்டை மூடி இறுகும் பிஸ்கட் டின்னில் வையுங்கள். மலைநாட்டுப் பனிமூட்டம் கிழிந்த பக்கட்டுக்குள் புகுந்தால், ட்ரை வைப்ஸ் டின்னுக்கு வெளியே ட்ரையாக இருக்காது.

செய்யக்கூடாதவை

1. பீலி, ஓடை, தொட்டித் தண்ணீரில் நேரே நனைக்காதீர்கள். மேலே எந்த லயம், எந்தக் கக்கூஸ், எந்த உரம் போட்ட மலை வழியாக அது வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

2. நனைத்ததை நாளைக்கென்று எடுத்து வைக்காதீர்கள். ஈரத்தில் கிருமி வளரும். 2011இல் அமெரிக்காவில் ஸ்பிரிட் ஊறிய துடைப்பான்களே கிருமி கலந்ததால் சந்தையிலிருந்து திரும்ப எடுக்கப்பட்டன.

3. கண், காதின் உள்ளே, வாய்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். குளோர்ஹெக்சிடின் கண்ணில் பட்டால் பார்வையையும், நடுக்காதுக்குள் போனால் கேட்கும் சக்தியையும் கெடுக்கலாம்.

4. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் பாவிக்காதீர்கள். அந்தத் தோல் எளிதில் வெந்துபோகும்.

5. கவ்வாத்துக் கத்தி ஆழமாக வெட்டிய காயத்துக்குள் வைப்ஸைத் திணிக்காதீர்கள். இது மேல்தோலுக்கான மருந்து. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி டிஸ்பென்சரிக்குப் போய், ஏற்பு ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள்.

6. அட்டையை உப்புப் போட்டோ நெருப்பு வைத்தோ விழுத்தாதீர்கள். அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். நகத்தை வாயோரத்தில் கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரால் கழுவி அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் உறைய நேரமெடுக்கும், பதறாதீர்கள்.

7. நாய் கடித்தால் வைப்ஸைத் தேடாதீர்கள். சோப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே டிக்கோயாவோ நுவரெலியாவோ, கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடிக்கு ஊசிதான் உயிர் காக்கும்.

8. புல்லு மருந்து தெறித்த தோலை வைப்ஸால் துடைக்காதீர்கள். கிருமிநாசினி நஞ்சை எடுக்காது. நனைந்த உடுப்பைக் கழற்றிவிட்டு, தாராளமாகத் தண்ணீர் ஊற்றிச் சோப்பால் கழுவுங்கள்.

9. விரலில் ஏறிய கொழுந்துக் கறையைப் போக்கத் தேய்க்காதீர்கள். அது சாயம், கிருமியல்ல. தேய்க்கத் தேய்க்க ஏற்கெனவே வெடித்த விரல் இன்னும் பிளக்கும்.

10. தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு வந்தால் காத்திருக்காதீர்கள். குளோர்ஹெக்சிடினால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. உடனே 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.

11. குளோர்ஹெக்சிடின் பட்ட விரிப்பைக் குளோரின் கலந்த ப்ளீச்சில் ஊறவைக்காதீர்கள். கபிலக் கறை பிடித்தால் பிறகு போகாது. சாதாரண சவர்க்காரத் தூள் போதும்.

12. பாவித்ததைக் கக்கூஸிலோ கானிலோ போடாதீர்கள். அந்தத் துணி தண்ணீரில் கரையாது. மழை பெய்த அன்று கான் அடைத்து, அந்த அழுக்குத் தண்ணீர் உங்கள் வாசலுக்கே வரும்.

இன்றிரவு தேத்தண்ணிக்குக் கேத்தல் வைக்கும்போது ஒரு கோப்பை கூடுதலாக வையுங்கள். நன்றாகக் கொதித்ததும் கழுவிய ஃபிளாஸ்கில் ஊற்றி மூடி, பக்கட் இருக்கும் டின்னுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். காலையில் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் கைக்கு எட்டும் தண்ணீரைத்தான் நீங்கள் ஊற்றுவீர்கள். அது பீலித் தண்ணீராக இருக்க வேண்டாம்.